பத்திரத்துக்கு வந்த தங்கச்சி

தங்கச்சி மேல் பாசம் இல்லாதவர் என்று பூவராகவனை யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. புதுவாயலில் அவர் வீட்டு இரும்புக் கேட்டிலேயே அத்தாட்சி தொங்கியது. போன மகளிர் தினத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ். நடுவில் கைகட்டி நிற்கும் பூவராகவன், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், காலடியில் 'பெண்மையைப் போற்றுவோம்'. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. முகம் மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது.

"பெண்மையப் போற்றுறாரு, சரி," என்றான் ராபின். "படத்துல ஒரு பொம்பளயக்கூட காணோமேக்கா."

"உள்ள போட்டோக்காரனுக்கு டீ போட்டுக்கினு இருந்திருப்பாங்க," என்றாள் ஏஞ்சல். "வாய மூடிக்கினு வா."

ராபினால் ஆகாத காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். பேச்சு சுவாரஸ்யத்தில் ஒருநாள் கம்பெனியைத் தாண்டி, ஆட்களோடு ஆந்திர எல்லை வரை போய்விட்டதால் வேலை போயிற்று. இப்போது ஏஞ்சலுக்கு உதவியாளன். ஏஞ்சல் ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு உள்ளே வேலை பார்க்கிறானா, வெளியே நின்று கப்பலை வேடிக்கை பார்க்கிறானா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கேஸ் வேறு ரகம். முந்தின நாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து சந்திரகலா வந்திருந்தாள். பூவராகவனின் தங்கச்சி, ஊரறிந்த ஒரே தங்கச்சி. அவர்களுடைய அப்பா சுப்பராயன் தன் கையால் வாங்கிய நிலம் புதுவாயலில் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடந்தது. நெல் விளைந்த நிலம்தான். நெல்லைவிடக் கண்டெய்னர் நன்றாக விளைகிறது என்று தெரிந்ததும், அவர் அதைக் கிடங்குக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். பிறகு உயில் எதுவும் எழுதாமல் செத்துப்போனார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். குத்தகைப் பணம் அண்ணன் வீட்டுக்கு மட்டும் போனது. தங்கச்சிக்குப் பொங்கலுக்குக் கரும்பு வந்தது.

சந்திரகலாவின் புருஷன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு, நடத்தி வந்த மளிகைக் கடையை மூடினார். அப்போதுதான் அவள் முதல்முறையாக அண்ணனிடம் பங்கு என்ற வார்த்தையைச் சொன்னாள். அண்ணன் பதறவில்லை. உள்ளே போய் ஒரு விடுதலைப் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். அப்பா சொத்தில் தனக்குள்ள பங்கை அன்பு அண்ணனுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாகச் சந்திரகலா எழுதிக் கொடுத்த பத்திரம். கையெழுத்து, கட்டை விரல் ரேகை, பதிவு ஆபீஸ் கேமராவில் பிடித்த போட்டோ, எல்லாம் இருந்தது. அந்த ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடச் சந்திரகலாவுக்குத் தெரியாது.

"இது நா இல்ல மேடம்," என்றாள் அவள், நகலைக் காட்டி. "என்னாட்டமே ஒருத்திய எங்கிருந்து புடிச்சான்னு தெர்ல. நைனாவுக்கு அந்த நிலம்னா உசுரு. குத்தகைக்கு உட்டப்புறமும் வாரா வாரம் தண்ணி பாய்ச்சிட்டு வரேன்னு கெளம்பிடுவாரு."

"கண்டெய்னருக்கா?" என்று கேட்டான் ராபின்.

சந்திரகலா அவனை முறைத்தாள். ஏஞ்சல் அவனை முறைக்கவில்லை என்பதை அவன் கவனித்தான். வரும் வெள்ளிக்கிழமை கிடங்குக்காரர்களோடு முப்பது வருஷத்துக்குப் புதுக் குத்தகை எழுதப் போகிறார்கள். ஒரே சொந்தக்காரர் என்று பூவராகவன் மட்டும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால், கோர்ட்டுக்கு நடந்து நடந்து சந்திரகலாவின் இடுப்பும் போய்விடும்.

பூவராகவன் ஏஞ்சலையும் ராபினையும் வாசலுக்கே வந்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். தேன்குழல் வந்தது, காபி வந்தது. கொண்டுவந்து வைத்த பெண்மணியின் பெயரை அவர் சொல்லவில்லை. மனைவியாக இருக்கலாம்.

"பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சுன்னா அவ அந்த ஊட்டு ஆளு மேடம். இங்க இன்னா பாத்தியத கீது? சீரு செஞ்சேன். பிரிட்ஜு குடுத்தேன். டபுள் டோரு."

"பிரிட்ஜுல ரெண்டு கதவு இருந்தா நெலத்துல பங்கு கெடையாதுன்னு சட்டத்துல எங்கியும் இல்லீங்களே," என்றாள் ஏஞ்சல். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கும் ஆம்பளப் புள்ளைக்குச் சமமா உண்டு."

"தெரியும் மேடம். சட்டத்த மதிக்கிறவன் நானு. அதனாலதான சட்டப்படி எழுதி வாங்கிக்கினேன்."

ஏஞ்சல் தன் போனில் இருந்த பத்திரப் போட்டோவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தப் போட்டோல இருக்கிறது யாருங்க?"

பூவராகவன் எழுந்தார். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த சுப்பராயன் படத்துக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினார். "எங்க நைனா மேல சத்தியமா சொல்றேன். அந்தப் போட்டோல கீறவ என் தங்கச்சி. அவ எங்க நைனா பெத்த பொண்ணு. போதுமா?"

குரல் நடுங்கவில்லை. கண் அலையவில்லை. தேன்குழல் தின்றுகொண்டிருந்த ராபினுக்கே மெல்லுவது நின்றுபோனது.

வெளியே வந்ததும் அவன் பைக்கை எடுக்காமல் நின்றான். "அக்கா, மாப்பிள்ள கேஸுல எத்தினி பொய் சத்தியம் பாத்துகிறேன். இந்தாளு பொய் சொல்லல."

"ஆமா. சொல்லல."

"அப்போ சந்திரகலாம்மா பொய் சொல்றாங்களா?"

"அவங்களும் சொல்லல."

"அப்போ நமக்கு ஃபீஸு யார் குடுக்கப் போறாங்க?"

ஏஞ்சல் போனில் போட்டோவைப் பெரிதாக்கினாள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். காதில் தோடு இல்லை. கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லை. நெற்றியில் குறுக்கே ரப்பர் பட்டை அழுத்தின மாதிரி ஒரு தடம். இடது மூக்கில் சின்னதாகக் கறுப்பாக ஏதோ இருந்தது.

"இது இன்னா, சொல்லு."

"மச்சம்."

"மச்சம் மூக்க உட்டு வெளிய நீட்டிக்கினு இருக்குமா?"

ராபின் கண்ணை இடுக்கிப் பார்த்தான். "குச்சிக்கா. தொடப்பக்குச்சி."

"அதான். மூக்குத்தியக் கழட்டி வெச்சிட்டு, குத்தின ஓட்டை தூந்துபோவக் கூடாதுன்னு ஈர்க்குச்சி சொருவிக்கிறா. தோடு இல்ல, செயினு இல்ல. நெத்தியில தடம் இருக்குது பாரு, தலைக்கு வலைத்தொப்பி போடறவ. நகை அடகுல இருந்தா தொப்பித் தடம் எதுக்கு வருது? இவ தின்ற பண்டம் செய்யிற கம்பெனியில வேல செய்றா. அங்க ஒரு மூக்குத்தித் திருகு மாவுல வுழுந்தாலும் மெஷின் கத்தும், சூப்பர்வைசரு அதுக்கு மேல கத்துவான். ஷிப்ட்டு முடிஞ்ச கையோட, மூஞ்சி கழுவக்கூட நேரம் இல்லாம பதிவு ஆபீஸுக்குக் கூட்டிக்கினு போய்கிறாங்க."

"நா ஓட்டுன பஸ்ஸுல பாதிப் பேரு மூக்குல குச்சிதான்க்கா."

"அத ஏன்டா இப்ப சொல்ற?"

"நா ரோட்டப் பாத்து ஓட்டுவேன்."

"ஆந்திராவுக்கு," என்றாள் ஏஞ்சல், பைக்கில் ஏறி உட்கார்ந்தபடி. "பொய்யாளு புடிக்கிறவன் தூரத்துல போய்ப் புடிக்க மாட்டான். கூட்டிக்கினு போய், திருப்பி ஊட்டாண்ட உடணும்ல. சாயங்காலம் கூட்டு ரோட்டுல நிக்கலாம்."

புதுவாயல் கூட்டு ரோட்டில் சாயங்கால ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். பஜ்ஜிக் கடை, பூக்கடை, பிரியாணி அண்டா எல்லாம் அந்தக் கூட்டத்தை நம்பித்தான். பிஸ்கட் கம்பெனி பஸ் வந்ததும் ஏஞ்சல் சொன்னது கண்ணெதிரே நடந்தது. இறங்குகிற பெண்கள் டீக்கும் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, பைக் கண்ணாடியிலோ பக்கத்தில் நிற்பவள் கண்ணிலோ பார்த்து, முதல் வேலையாக மூக்குத்தியைத் திருகிக்கொண்டார்கள். எட்டு மணி நேரம் கம்பெனி வைத்திருந்த முகத்தை அந்த ஒரு நிமிஷத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. ராபினுக்கே கேலி வரவில்லை.

அப்போது அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அய்யோ, சந்திரகலாம்மா வந்துகிறாங்க." ஏஞ்சல் தடுப்பதற்குள் ஓடிப்போய்க் கும்பிடு போட்டான். "இன்னாம்மா, நீங்க கம்பெனிக்கு வேலைக்குப் போறீங்களா? சொல்லவே இல்ல?"

நீல யூனிபார்ம் போட்ட அந்தப் பெண், மூக்கில் குச்சியோடு, அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யாருப்பா நீ?"

ராபினின் கும்பிடு பாதியில் நின்றது. அதே அகன்ற நெற்றி, அதே கொஞ்சம் தூக்கின மேலுதடு. ஐந்தாறு வயது இளைய சந்திரகலா.

ஏஞ்சல் வந்து போனை நீட்டினாள். பத்திரப் போட்டோவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் கையிலிருந்த டிபன் பை கீழே விழுந்தது. அவள் ஓடவில்லை. குனிந்து பையை எடுத்துக்கொண்டு, "போலீஸா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லக்கா. டீ சாப்டலாம் வாங்க," என்றாள் ஏஞ்சல். போகிற போக்கில் சந்திரகலாவுக்குப் போன் போட்டாள். அவள் திருவள்ளூரில் வக்கீலைப் பார்த்துவிட்டுப் புதுவாயலுக்குத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

சந்திரகலா வந்து சேர்ந்தபோது டீக்கடையின் பின்பக்கம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவள் கொதித்துப்போனாள். "நீதானா அது? என் பேர்ல கையெழுத்துப் போட எவ்ளோ டப்பு வாங்கினே?"

"டப்பு வாங்கல." அவள் பெயர் தேசராணி. மெதுவாகத்தான் பேசினாள். "அண்ணன் ஊட்டுக்கு வந்தாரு. பொறந்ததுலர்ந்து எங்க வாசப்படி மிதிக்காதவரு. தங்கச்சின்னு கூப்ட்டாரு. குடும்பத்துல ஒரு கையெழுத்து வோணும், பெரிய ஊட்டு ஆளுங்களுக்கு உன்னத் தெரியாது, அதனால சந்திரகலான்னு சொல்லு, மத்ததெல்லாம் உள்ளத உள்ளபடி சொல்லுன்னாரு. தங்கச்சின்ன அந்த ஒரு வார்த்தைக்கு அன்னிக்கு எதுல வோணா கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"எந்த அண்ணன்? யாருக்கு அண்ணன்?"

"ஆபீசரு பேரு கேட்டாரு, பொய் சொன்னேன். அப்பா பேரு கேட்டாரு. சுப்பராயன்னேன்." தேசராணி நிமிர்ந்து பார்த்தாள். "அது பொய் இல்ல. பள்ளிக்கூடத்துல அந்தப் பேர எழுத உடல. ஒரு ஆபீஸுல அத சத்தமா சொன்னது அன்னிக்குத்தான்."

சந்திரகலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்கம்மா லட்சுமியம்மாளுக்கு சிறுவாபுரி முருகன் கோயில்ல வெச்சு தாலி கட்டுனாரு," என்றாள் தேசராணி. "சொந்த ஊடு வோணும்னு வேண்டிக்கிற கோயிலு. அம்மாவுக்கு ஊடு கெடைக்கல, தாலி கெடச்சுது. நைனா வாரா வாரம் வருவாரு. நெலத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்னு சிரிப்பாரு."

ராபின் ஏஞ்சலைப் பார்த்தான். கண்டெய்னருக்கா என்று கேட்டபோது அவள் ஏன் முறைக்கவில்லை என்று இப்போது புரிந்தது. பூவராகவனின் சத்தியமும் புரிந்தது. படத்தில் இருப்பவள் அவர் தங்கச்சி, அவர் நைனா பெற்ற பெண். அரிச்சந்திரனுக்கே அன்று அவ்வளவு சுத்தமான உண்மை வாயில் வந்திருக்காது.

"ஒரு தங்கச்சியக் கழிக்கிறதுக்கு இன்னொரு தங்கச்சியக் கூட்டிக்கினு போய்கிறாருக்கா," என்றான்.

"மொகம் ஒத்துப்போவணும்ல. ரத்தத்த உட்டா வேற எங்க கெடைக்கும்?" ஏஞ்சல் சந்திரகலாவின் பக்கம் திரும்பினாள். "கேளுங்கம்மா. ஊட்ல பொண்டாட்டி உசுரோட இருக்கசொல்ல இன்னொருத்திக்குக் கட்டுன தாலி சட்டப்படி செல்லாது. ஆனா அந்தப் புள்ள செல்லும். அப்பன் சொந்தமா வாங்கின சொத்துல அதுக்கும் பங்கு உண்டு. இந்த மூஞ்சி, இந்த ரேகை என் தங்கச்சியோடதுன்னு உங்கண்ணனே கவர்மென்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. பத்திரம் நெஜம்னு சொன்னா இவங்க அவரு தங்கச்சி. பொய்யின்னு சொன்னா உங்க பங்கு உங்களுக்கு, அவருக்கு ஜெயிலு."

"அப்போ பொய்யின்னே சொல்றேன்."

"சொல்லலாம். இவங்களும் உள்ள போவாங்க. அண்ணன் நல்ல வக்கீலா வெப்பாரு, கேஸு இழுக்கும். இவங்களே வந்து சாட்சி சொன்னா வெள்ளிக்கிழமை குத்தகை நின்னுடும். கிடங்குக்காரன் வில்லங்கத்துல கை வெக்க மாட்டான். ஆனா அப்புறம் பங்கு ரெண்டு இல்ல, மூணு."

சந்திரகலாவின் மூக்குத்தி துடித்தது. "இவளுக்கு இன்னா பாத்தியத கீது மேடம்? நா தாலி கட்டுன பொண்டாட்டிக்குப் பொறந்தவ. என் ஊட்ல எங்கம்மா இது தெரியாமயே செத்தா. அதுல ஒருத்தி வந்து பங்குன்னு நிப்பாளா?"

காலையில் தேன்குழல் தட்டுக்கு முன்னால் பூவராகவன் சொன்ன அதே வார்த்தை. சொன்னவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள்.

"நெலம்லாம் எனக்கு வோணாம்க்கா," என்றாள் தேசராணி. "போலீஸுக்குன்னாலும் வரேன். நாளைக்கு ஷிப்ட்டு இல்லன்னு மட்டும் கம்பெனில சொல்லிட்டு வந்துர்றேன். ஆனா அப்பா பேரு பொய்யின்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

அக்கா என்றது சந்திரகலாவின் காதில் விழுந்தது. திரும்பாமலே கேட்டாள். "நைனா செத்தன்னிக்கு உனுக்கு யார் சொன்னாங்க?"

"வாரம் தாண்டியும் வரல. விசாரிச்சுக்கினு வந்தேன். ரோட்டாண்ட நின்னேன். நீங்க மார்ல அடிச்சுக்கினு அழுதீங்க. நானும் அழுதா யாருன்னு கேப்பாங்களேன்னு, பந்தல்காரங்களோட சேந்து சேருங்கள எடுத்துப் போட்டுக்கினு இருந்தேன். வந்தவங்கல்லாம் குந்துனாங்க. நா நின்னுக்கினே பாத்துட்டு வந்துட்டேன்."

சந்திரகலா திரும்பினாள். ஏதோ திட்டத்தான் போகிறாள் என்று ராபின் நினைத்தான். அவள் தேசராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நீட்டி, அவள் மூக்கிலிருந்த குச்சியை மெல்ல உருவிக் கீழே போட்டாள். "மூக்குத்திய எடுத்துப் போடு," என்றாள்.

அவள் போட்டு முடிக்கும் வரை சந்திரகலா காத்திருந்தாள். அப்புறம் தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் வைத்து, அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை குத்தகைக் கையெழுத்துக்குத் தங்கச்சியும் வரா. சேரு போட்டு வெய்யி."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. பூவராகவனின் குரல் வந்தபோது அதில் மகளிர் தின ஒளிவட்டம் சுத்தமாக இல்லை.

"எந்தத் தங்கச்சி?"

"ரெண்டு சேரு போடுண்ணா," என்றாள் சந்திரகலா.